செத்தவர் கையெழுத்து

கடனுக்காகப் பேச்சித்தாயின் வீட்டை வங்கி ஏலம் விட்டது. கடனும் வட்டியும் கழித்துச் சில லட்சம் மிச்சம் இருந்தது. அதைக் கேட்டு அவள் எத்தனை தடவை நடந்தும் மேனேஜர் அசையவில்லை.

"கடன் வாங்கினது உங்க வீட்டுக்காரர். மிச்சத்தை வாங்கவும் அவர்தான் வந்து கையெழுத்துப் போடணும்."

வீட்டுக்காரர் செத்து இரண்டு வருஷம். அவள் நீட்டிய வாரிசுச் சான்றிதழை மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த தடவை பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் மைதீனும் கூட வந்தார்.

"சார், ஏலச் செலவுல பாக்கி ஏதும் இருந்தா அக்கா கட்டிடலாம்னு சொல்றாங்க. ஆனா அதுக்கும் அவங்க வீட்டுக்காரர்தானே வந்து கையெழுத்துப் போடணும்?"

மேனேஜர் முகம் மலர்ந்தது. "செத்தவர் எப்படிய்யா வருவார்? இந்தம்மாதானே வாரிசு. இவங்க போட்டாலே போதும்."

வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. மேனேஜரே பேனாவை நீட்டினார். மைதீன் பையிலிருந்து எடுத்து விரித்ததோ, மிச்சப் பணம் கேட்கும் விண்ணப்பம்.

"போடுங்கக்கா. போதும்னு சாரே சொல்லிட்டாரு."

பேச்சித்தாய் நிதானமாக, அழுத்திப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு அவரே வந்து கேட்டா, நான் பதில் சொல்லிக்கிறேன் சார்."