அடைப்பு வரிசை

கோத்தகிரியில் உல்லன் பின்னல் கற்றுக்கொடுப்பவர் ஒரு பஸ் கண்டக்டர். சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துக்கொள்ளலாம். பெயர் புஷ்பநாதன், வயது நாற்பத்தொன்று. கடைசி ஸ்டாப்பில் பஸ் நிற்கும் அரைமணி நேரத்தில் பின்னிப் பின்னியே கை பழகியவர். டிக்கெட் கொடுக்கும்போது நோட்டை மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்கிற மாதிரியே நூலையும் செருகிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உரக்கிடங்கில் வகுப்பு. உரம் போய்ப் பல வருடமாகியும் வாடை போகவில்லை. ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து, வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர், பேரனுக்குக் கையுறை, தனக்கு ஒரு மஃப்ளர் என்று பின்னுவார்கள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள்.

அவர்களில் மூத்தவர் திலகவதி. அறுபத்திரண்டு வயது, முப்பது வருடம் கணக்கு டீச்சர். மாஸ்டரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வருபவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று சற்று நேரம் குழம்பும்.

அங்கே குல்லாவை உச்சந்தலையில் தொடங்கிக் காதுப் பக்கம் இறங்கிவருவது வழக்கம். அப்போதுதான் நடுநடுவே உரியவர் தலையில் வைத்துப் பார்க்க முடியும். கடைசி வரிசையில் ஊசியிலிருக்கும் ஒரு நூல் கண்ணியின் மேல் இன்னொரு கண்ணியைத் தாண்டவிட்டு மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் அத்தனையும் பிரிந்துபோகும். அந்த வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் அடைப்பு. "அடைச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டால் "முடிஞ்சுதா?" என்று அர்த்தம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, வகுப்பு நடுவில் திலகவதி டீச்சருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

"சார் விழுந்துட்டாரு டீச்சர். வாய் கோணுது."

டீச்சர் வீடு ரோட்டுக்குக் கீழே அறுபத்துநாலு படி இறங்கி இருக்கிறது. ஆம்புலன்ஸ் மேலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. வகுப்பிலிருந்து டீச்சரோடு ஓடிவந்த ஏழு பேரும், மாஸ்டரையும் சேர்த்து, டீச்சரின் கணவரான சாரை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சரிந்துவிடாமல் இருக்க, அவர்களில் ஒருத்தியான லிங்கம்மாள் கையிலிருந்த பாதி மஃப்ளரின் ஊசியை உருவிவிட்டு அதையே சுற்றிக் கட்டினாள். தூறலில் கை மாற்றி மாற்றித் தூக்கி மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதோடும் நிற்கவில்லை. பேக்கரிக்கார ரஹமத் நிஷா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். லிங்கம்மாள் தினமும் படி இறங்கிப் போய் டீச்சர் வீட்டு நாய்க்குச் சோறு வைத்தாள். மாஸ்டர் காலை முதல் டிரிப்பில் கஞ்சி ஃபிளாஸ்க்கைத் தன் சீட்டுக்கடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சார் பிழைத்துக்கொண்டார். வேதமூர்த்தி சார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் ஊரையெல்லாம் பேசவைத்தவர். இப்போது வலது கை தூக்கவில்லை, பேச்சு குழறியது. டீச்சர் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு தடவை "ரொம்ப நன்றி" என்று சொன்னார், பள்ளி ஆண்டுவிழாவில் சொல்வது போல. பார்க்க வருகிறோம் என்றவர்களிடம் "டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார்" என்றார்.

டாக்டர் அப்படியெதுவும் சொல்லவில்லை. டீச்சர் நல்ல மனுஷி, பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பக்கத்து வீட்டம்மாவைச் சாருக்குத் துணைவைத்துவிட்டு மூன்றாவது வாரம் வகுப்புக்கு வந்தார். எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க டீச்சர்."

"இவ்வளவு உதவி வாங்கிட்டேன். இதை எப்படி அடைக்கிறது?"

மாஸ்டர் தன் கையிலிருந்த சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார் எப்படி இருக்காரு?"

"இருக்கார்."

"ஒருநாள் வந்து பாக்கலாமா?"

"வேண்டாம் மாஸ்டர். ஏற்கெனவே எவ்வளவோ சிரமம் கொடுத்தாச்சு."

"சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பதில் கிடைக்காததால் டீச்சர் தானே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டார். ஏழு பேருக்கும் ஏழு குல்லா. யாரிடமும் தலை அளவு கேட்கவில்லை. வகுப்பில் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தார், மனதுக்குள் சுற்றளவு போட்டார். கணக்கு டீச்சரின் கண் தப்புவதில்லை. எட்டு வாரம் வீட்டில் உட்கார்ந்து ஏழையும் பின்னி முடித்தார். ஒரு கண்ணி கூட நழுவவில்லை.

அவர் பின்னிக்கொண்டிருந்த அத்தனை நாளும் சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். படியில் யாராவது இறங்கும் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்புவார். சத்தம் பக்கத்து வீட்டோடு நின்றுவிடும்.

"யா...ரு?"

"யாருமில்ல. நீங்க கஞ்சியைக் குடிங்க."

மார்கழியில் அந்த ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே பனி விலகவில்லை. டீச்சர் குல்லாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டார்.

"இதைக் கொடுத்துட்டா எல்லாருக்கும் செஞ்சாச்சு. அதுக்கப்புறம் நான் கிளாஸுக்குப் போகப்போறதில்ல. யாரையும் நிமிர்ந்து பாக்க முடியல" என்றார்.

சார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அது பேச்சு வராததால் இல்லை என்பது டீச்சருக்குத் தெரிந்துதான் இருந்தது.

உரக்கிடங்கில் டீச்சர் பையைத் திறந்தார். நிறம் பார்த்து, அவரவர் பெயர் சொல்லிக் கொடுத்தார். நிஷாவுக்கு மாதுளை நிறம். லிங்கம்மாளுக்கு மஞ்சள். மாஸ்டருக்குக் காக்கி நிறத்தில், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. இவ்வளவு அழகான பின்னலை அந்தக் கிடங்கு பார்த்ததில்லை. எல்லோரும் சந்தோஷமாகத் தலையில் மாட்டினார்கள்.

மாட்டிப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நிஷாவின் குல்லா நெற்றியிலேயே நின்றுவிட்டது. லிங்கம்மாள் இரண்டு கையாலும் இழுத்தாள், காதுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்ததும் அதற்குமேல் வர மறுத்தது. சுற்றி உட்கார்ந்திருந்த ஏழு பேர் தலையிலும் ஏழு குல்லாவும் உச்சியில் குந்திக்கொண்டிருந்தன.

"எனக்குத் தலைக்கனம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டே இருப்பாரு. இன்னைக்குத்தான் நம்பறேன்" என்றாள் நிஷா.

கிடங்கே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் கணக்குப் போட்டுத்தான் பின்னினேன்."

மாஸ்டர் தன் குல்லாவைக் கழற்றினார். நடுப்பகுதியில் கையைவிட்டு விரித்தார். தாராளமாக விரிந்தது. ஓரத்தைப் பிடித்து விரித்தார். கயிறு மாதிரி நின்றது.

"கணக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர். கண்ணியும் சரி."

"பின்ன எங்க தப்பு?"

"அடைக்கிறப்போ நூலை இறுக்கிட்டீங்க."

"பிரிஞ்சு வந்துடக் கூடாதேன்னு..."

"பிரியாது டீச்சர். ஆனா நாங்க உள்ள நுழைய இடமில்ல."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். டீச்சர் ஏழு குல்லாவையும் வாங்கிப் பையில் போட்டார்.

"வீட்டுல வெச்சுச் சரிபண்ணி யார்கிட்டயாவது கொடுத்தனுப்பறேன்."

"தலை இல்லாம எப்படிங்க சரிபண்ணுவீங்க?" என்றார் மாஸ்டர்.

"அளவு எனக்குத் தெரியும்."

"அளவு முதல்லயும் தெரிஞ்சுதானே இருந்துச்சு."

"தலையைக் கழட்டியா குடுத்தனுப்ப முடியும் டீச்சரம்மா?" என்றாள் லிங்கம்மாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் பேசினா விளங்காது" என்றார், திரும்பாமலே. "சாப்பிட்டா வாயோரம் வழியும். எப்படி இருந்த மனுஷன். அவரை அப்படி யாரும் பாக்க வேண்டாம்னு..."

நழுவிய பை வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டீச்சர்" என்றார் மாஸ்டர். "நான் இருபது வருஷமா கண்டக்டர். கூட்ட நெரிசல்ல, பஸ் சத்தத்துல, எவ்வளவோ பேர் வெத்தலையை வாயில அடக்கிட்டு ஊர்ப்பேரு சொல்லுவாங்க. உதட்டைப் பாத்தே டிக்கெட் கிழிச்சுடுவேன். எனக்குச் சார் பேசறது விளங்காதுங்களா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைக்கத்தான் வேண்டியிருந்தது.

"மணி நாலுகூட ஆகல" என்றார் கடைசியில். "எல்லாருமே வாங்க. ஊசியை எடுத்துட்டு வாங்க."

அறுபத்துநாலு படியிலும் எட்டு ஜோடிச் செருப்புச் சத்தம் இறங்கியது. ஜன்னலோரம் இருந்த சார் கழுத்தைத் திருப்பினார். சத்தம் பக்கத்து வீட்டில் நிற்கவில்லை.

கதவு திறந்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடது கையைத் தூக்கி என்னவோ சொன்னார், உதடு ஒருபக்கம் இழுத்தது. டீச்சர் பதறி முன்னால் வந்தார். மாஸ்டர் அதற்குள் சார் முன்னால் குந்தி உட்கார்ந்து உதட்டையே பார்த்தார்.

"எல்லாரையும் உக்காரச் சொல்றாரு. டீ போடணுமாம்."

சார் தலையாட்டினார். மறுபடி என்னவோ சொன்னார்.

"சக்கரை கூடாதுன்னு டீச்சர் சொல்வாங்களாம். இன்னைக்கு ஒருநாள் அவருக்கும் ரெண்டு ஸ்பூன் போடணுமாம்."

"அவர் அப்படிச் சொன்னாரா?" என்று டீச்சர் சந்தேகத்தோடு கேட்டார்.

சார் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கோணிய வாய்தான், ஆனால் வெடிச்சிரிப்பு. அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் சமையலறைக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். சார் சிரித்துக் கேட்டு இரண்டரை மாதம் ஆகியிருந்தது. வெளியே லிங்கம்மாள் நாய்க்குச் சோறு வைத்த கதையைச் சொல்ல, சார் குழறி எதையோ கேட்க, அவளுக்கு விளங்காமல் வேறெதற்கோ பதில் சொல்ல, அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இந்த ஏழு பேரும் நல்லா இருக்கணும், இவங்க பிள்ளைகுட்டி எல்லாம் நல்லா இருக்கணும் என்று அடுப்பைப் பார்த்தே சொன்னார். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

டீ குடித்ததும் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு குல்லாவிலும் அடைப்பு வரிசையை மட்டும் பிரித்தார்கள். உருவிய நூலைச் சாரிடம் கொடுத்தார் மாஸ்டர். சார் அதை இடது கையாலேயே மடியில் வைத்துச் சுருட்டினார். சுருள் கோணல்மாணலாக வந்தது, யாரும் திருத்தவில்லை. பிறகு அவரவர் தலையில் வைத்து, இழுத்து, காதுவரை வருகிறதா என்று பார்த்தார்கள். டீச்சருக்கு மாஸ்டர் இரண்டு நம்பர் பெரிய ஊசி ஒன்றைக் கொடுத்தார்.

"பின்னினது எந்த ஊசியா இருந்தாலும், அடைக்க இதை எடுத்துக்குங்க."

நிஷாவின் குல்லா காதை மூடியது. லிங்கம்மாளுடையது புருவம்வரை இறங்கியது. அவள் அதைக் கழற்றமாட்டேன் என்றாள். ஆறு முடிந்தது. மாஸ்டருடையதுதான் மிச்சம்.

டீச்சர் நாலு கண்ணி அடைத்தார். ஐந்தாவதில் கை நின்றது. மற்றவர்கள் சாரைச் சுற்றி உட்கார்ந்திருந்ததால் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாஸ்டர், அன்னைக்குக் கேட்டேன். நீங்க பதில் சொல்லல. அன்னைக்குச் செஞ்சதையே எனக்கு அடைக்கத் தெரியல. இப்ப இதுவும் சேர்ந்துடுச்சு. நான் எப்படி அடைக்கிறது?"

மாஸ்டர் அவர் விரலில் இறுகியிருந்த நூலை ஒரு விரலால் நெம்பிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

"தளர்வா டீச்சர்" என்றார். "அவசரமில்ல. மிச்சத்தை அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறோம்."