ஒரு பிடித் தவிடு

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை இளவேழன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் மனதில் ஓர் ஆசை எழுந்தால் மறுநாளே அது நடந்தாக வேண்டும். ஆண்டவன் அவனுக்கு எல்லாம் கொடுத்திருந்தான், பிள்ளையை மட்டும் கொடுத்துக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டான். மூன்று குழந்தைகள் பிறந்தன. ஒன்றுகூட மாதம் தாண்டவில்லை.

நான்காவதாக ராணி உண்டானபோது ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. “என் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட நூறு தூண் மண்டபம் வேண்டும்” என்றான்.

கஜானா அதிகாரி பொன்னம்பலராயர் முந்திக்கொண்டார். மந்திரி சோலைநம்பி மீது ராஜாவுக்கு இருந்த மதிப்பு அவர் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. “உரல் வரி போடுவோம், மகாராஜா. உரல் உள்ள வீடெல்லாம் மாதம் ஒரு மரக்கால் நெல் அளக்கட்டும். குடிகள் வீட்டில் நெல் வழிந்து கிடக்கிறது.”

சோலைநம்பி சொன்னார்: “வழிந்தால் வழியட்டுமே, ராயரே. குடியானவன் வியர்வை, அவன் நெற்குதிர். மகாராஜா, இருப்பதை வைத்துப் பத்துத் தூணில் கட்டுவோம். தொட்டிலுக்கு அதுவே அதிகம்.”

“மந்திரியார் வீட்டில் குழம்புக்கு உப்பையும் எண்ணித்தான் போடுவார்கள்” என்றார் ராயர். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு ஓலையில் முத்திரை வைத்தான்.

எட்டு மாதம் வரி வந்தது. தூண்கள் எழுந்தன. பிள்ளையும் பிறந்தது, ஆண் குழந்தை. ஏழாம் நாள் அது பால் குடிக்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்பு மூன்றும் இப்படித்தான் தொடங்கின. மருத்துவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

“நம்பி, ஏதாவது சொல்லுமய்யா” என்றான் ராஜா.

“குடிகள் செய்வதைச் செய்வோம், மகாராஜா. பிள்ளை தங்காத வீட்டில் அதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை தங்கிய தாய் ஒருத்தி ஒரு பிடித் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். அன்று முதல் அது அவள் பிள்ளை. பெற்றவர்கள் வளர்த்துக் கொடுப்பவர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தவிடு அவள் வீட்டு மிச்சமாக இருக்க வேண்டும். பயந்து கொடுத்ததோ பட்டினி கிடந்து கொடுத்ததோ செல்லாது.”

ராஜா உடனே திரும்பினான். “ராயரே, வழிந்து கிடக்கிறது என்றீரே, ஒரு பிடி வாங்கி வாரும்.”

காலையில் போன ராயர் எட்டுத் தெரு சுற்றிவிட்டு உச்சிவேளைக்கு வண்டி நிறையத் தவிட்டோடு வந்து மீசையைத் தடவிக்கொண்டார். “ஒரு பிடி கேட்டீர்கள், ஒரு வண்டி கொண்டுவந்தேன்.”

“எந்தத் தாய் கொடுத்தாள்?” என்று கேட்டார் மந்திரி.

ராயர் விழித்தார். “அது... அரண்மனைக் களஞ்சியத்தில் எடுத்தது. தவிடு தவிடுதானே?”

“மகாராஜா தம் பிள்ளையைத் தமக்கே விற்பதா? இது வரி நெல்லைக் குத்திய தவிடு, ராயரே. வண்டி நிறைய இருக்கிறது, கொடுத்த கை ஒன்றுகூட இல்லையே. எட்டுத் தெரு சுற்றினீர்கள், ஒரு வீட்டிலும் ஒரு பிடி இல்லையா?”

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ராஜா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தானே தெருவில் இறங்கினான். மந்திரி பின்னால் ஓடினார். முதல் தெருவில் சடைச்சி வீடு. ஐந்து பிள்ளைகள் பெற்று ஐந்தும் தங்கியவள், கடைசிப் பிள்ளை இடுப்பில் இருந்தது. உரல் முற்றத்து மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மாட்டுக்கு வைக்கிற தவிட்டை அடையாகத் தட்டி நாலு பிள்ளைகளும் தின்றுகொண்டிருந்தன.

விஷயத்தைக் கேட்டவள் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். “ஒரு பிடிதான் இருக்கு சாமி. ராத்திரிக்கு வச்சிருந்தேன். எடுத்துக்குங்க.”

“மிச்சம் இல்லையே, தாயே” என்றார் மந்திரி.

“மிச்சமில்லதான். அதுக்காக பச்சப்புள்ளய விட்டுற முடியுமா?”

ராஜாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இவள் பிள்ளைகளின் சோற்றைத்தான் தூணாக நட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. “இதைத் தொடமாட்டேன். நம்பி, உரல் வரி இந்த நிமிஷத்தோடு ஒழிந்தது. களஞ்சியத்து நெல்லை அவரவர் வீட்டுக்கே அளந்து கொடுங்கள். ராயரே தலையில் சுமந்து வரட்டும்.”

முதல் மூட்டை சடைச்சி வீட்டுக்கு வந்தது. ராயருக்கு மூச்சு வாங்கியது. சடைச்சி உரலை நிமிர்த்தினாள், குத்தினாள், புடைத்தாள். ராஜா பிள்ளையோடு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தான். அரிசி உலைக்குப் போனது. பிள்ளைகள் வயிறாரத் தின்று எழுந்தார்கள். முறத்தில் தவிடு மிஞ்சியது.

அதில் ஒரு பிடி அள்ளி ராஜாவின் கையில் வைத்தாள் சடைச்சி. “இனி இது என் புள்ள” என்று குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். ஏழு நாள் சிசு முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு மெல்லக் கவ்வியது. குடிக்கும் சத்தம் கேட்டதும் ராஜா வாய்விட்டு அழுதான்.

குழந்தையை அவனிடம் திருப்பிக் கொடுக்கும்போது சடைச்சி சொன்னாள்: “புள்ள என்னோடது. நீங்க வளத்துக் குடுக்கறீங்க. பாத்து வளங்க சாமி.”

திரும்பும் வழியில் ராஜா, “உமக்கு என்ன பரிசு வேண்டும், நம்பி?” என்று கேட்டான்.

“செலவில்லாததாக ஒன்று போதும், மகாராஜா. மண்டபம் எழுந்த மட்டும் நிற்கட்டும்.”

அப்படியே நின்றது, கூரையில்லாமல். தவிட்டுராஜன் என்று பேர் வைத்த பிள்ளையும் அந்தத் தூண்களுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாடி வளர்ந்தான். அதற்குப் பிறகு யார் புது வரிக்கு ஓலை நீட்டினாலும் இளவேழன் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: “சடைச்சி வீட்டில் இன்று தவிடு மிஞ்சியதா? பார்த்துவிட்டு வாருங்கள். கஜானாவும் இவனைப் போலத்தான். நம்முடையது இல்லை, வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள்.”