எசக்கியப்பனின் அழைப்புமணி

பங்களாக்காரர் சிங்கராயரின் தோட்டக்காரன் எசக்கியப்பனுக்குப் பழைய சாமான்களைக் கழற்றிப் பூட்டுவதில் அப்படியொரு பிரியம். முதலாளி குப்பையில் எறிந்த செல்போனை வைத்து, பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடக்கும் மனைவிக்காக ஓர் அழைப்புமணி செய்திருந்தான். கட்டிலோரத்துப் பொத்தானை அவள் தொட்டால், அவன் சட்டைப்பையில் மணி அடிக்கும்.

ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் சிங்கராயர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"என் வீட்டுக் குப்பையும் என் சொத்துதான்டா. அதுல நீ என்ன செஞ்சாலும் அது எனக்குத்தான்."

"அப்படியே ஆகட்டும் ஐயா," என்றான் எசக்கியப்பன். "ஆனா இது அடிச்சா ஓடிப்போய் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கணும், துணி மாத்தணும். இனி அதுவும் உங்களுக்குத்தான்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் முதலாளியின் கையில் மணி அடித்தது. விருந்தாளிகள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

மணி நிற்கவில்லை. சிங்கராயர் தலை குனிந்தபடி அதை நீட்டினார். எசக்கியப்பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.