கோயல் தேவியின் மகள்

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். மூத்தவர் டிஸ்சார்ஜ் புத்தகம். அடுத்தது குடும்ப அட்டை. கடைசியாக வந்தது ஆதார் அட்டை.

டிஸ்சார்ஜ் புத்தகம் பட்டாளத்திலிருந்து வந்தது. வீட்டுக்காரர் தணிகாசலம் பதினெட்டு வருடம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, படைப்பிரிவின் பெரிய பதிவேட்டில் அவரைப் பற்றி இருந்ததையெல்லாம் இந்தப் புத்தகத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அன்று முதல் புத்தகம் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அட்டை நிறம் போய், ஓரமெல்லாம் நைந்துவிட்டது.

மற்ற இரண்டுக்கும் அதைக் கேலி செய்வதுதான் பொழுதுபோக்கு.

"பெரியவரே, இந்த வீட்டம்மா பேர் என்ன?" என்று ஆதார் அட்டை அடிக்கடி கேட்கும்.

புத்தகம் வெட்கத்தோடு சொல்லும்: "என்னிடம் கோயல் தேவி என்று இருக்கிறது."

"என்னிடம் குயிலம்மாள் என்று இருக்கிறது. படத்தோடு இருக்கிறது."

குடும்ப அட்டை விழுந்து விழுந்து சிரிக்கும்.

தவறு நடந்த விதம் புத்தகத்துக்குத் தெரியும். கல்யாணமாகித் திரும்பிய தணிகாசலம், மனைவி பெயரைப் பதிய குமாஸ்தாவின் கூடாரத்துக்குப் போனார். வடக்கத்திக் குமாஸ்தா வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. அர்த்தம் என்ன என்று கேட்டார். கூவுகிற பறவை என்று தணிகாசலம் கையை ஆட்டிக் காட்டினார். "ஓ, கோயல்!" என்று குயிலுக்கான இந்திப் பேரைச் சொல்லி மகிழ்ந்துபோன குமாஸ்தா, மரியாதைக்கு ஒரு தேவியையும் சேர்த்து எழுதிவிட்டார். புதிதாகச் சேர்ந்த சிப்பாய், மறுத்துப் பேசப் பயந்து சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஒரு பிழையைத் தவிர புத்தகத்துக்குத் தன்னைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. மற்ற இரண்டும் உறங்கிக்கிடக்கும் மத்தியான வேளைகளில், அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் வரியை அது தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளும்: மகள், தேன்மொழி. பிறகு கணக்குப் போடும். போன வருடம் அவளுக்கு நாற்பத்தேழு. இப்போது நாற்பத்தெட்டு. வருகிற கார்த்திகையில் நாற்பத்தொன்பது. அவளுக்குப் பிள்ளைகள் இருக்கும், ஒருவேளை பேரப்பிள்ளைகூட இருக்கலாம். ஒரு நாள் பெட்டியைத் திறக்கும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று புத்தகம் நம்பியது.

அந்த ஆவணியில் தணிகாசலத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அதே சமயம் குயிலம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ராணுவக்காரர் குடும்பத்துக்கான ஆஸ்பத்திரியில் அவருக்கு அட்டை இருந்தது. அவளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். உங்கள் மனைவி கோயல் தேவி, இந்தம்மா வேறு யாரோ என்றார்கள்.

வீட்டுக்கு வந்த தணிகாசலம் பெட்டியை வெளியே இழுத்தார்.

"ஏங்க, இந்த உடம்போட எங்க கெளம்புறீங்க? கண்ணு இப்ப ஓடியா போவுது?" என்றாள் குயிலம்மாள்.

"கண்ணு மட்டும் இல்ல குயிலு. நாளைக்கு நான் இல்லன்னா நீ யாருன்னு இந்தப் புத்தகம் சொல்லணும். அது இப்ப வேற யாரையோ சொல்லிக்கிட்டு இருக்கு. நாளைக்கு நீயும் வா."

மறுநாள் காலை மூன்று பேரும் ஒரே துணிப்பையில் பஸ் ஏறினார்கள். புத்தகத்துக்குப் படபடப்பாக இருந்தது. "என் பிழை தீரப்போகிறது," என்றது. "வெட்கப்பட்டதெல்லாம் போதும்."

மாவட்டத் தலைநகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர் மெஹருன்னிசா. நாற்பது வயதுப் பெண்மணி. மேசையில் மலை மாதிரி கோப்புகள். ஆனால் வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்டார்.

மூன்று பேரையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். அங்கே ஏற்கனவே ஒரு சிவப்புப் பேனா படுத்திருந்தது.

"யாரை அடிக்க வேண்டும்?" என்று சிவப்புப் பேனா கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டது.

"என்னில் ஒரே ஒரு பெயர்," என்றது புத்தகம்.

மெஹருன்னிசா விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். "கோயல் தேவி! நல்லா இருக்கும்மா உங்க பேரு," என்று சிரித்தார். குயிலம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இது பெரிய விஷயமில்ல ஐயா. ரெண்டு பேரும் ஒரே ஆள்னு உறுதிமொழிப் பத்திரம் வெச்சு, பட்டாளத்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினா மாத்திக் குடுத்துடுவாங்க."

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. நின்றது. அவர் குடும்ப அட்டையை எடுத்துப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"ஐயா, இதுல மகள்னு ஒருத்தங்க இருக்காங்களே?"

தணிகாசலம் துணிப்பையை மடிக்க ஆரம்பித்தார்.

"பொண்ணா? எங்களுக்கு ஒரே பையன்தாம்மா. ஓசூர்ல இருக்கான்," என்றாள் குயிலம்மாள். நாற்பத்தெட்டு வருடமாக யார் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்லி வந்தாள்.

"அப்ப இதுவும் தப்பா ஏறினதுதான்," என்றார் மெஹருன்னிசா. "இதை இப்படியே அனுப்பினா, வேற எதுலயும் இல்லாத மகள் எங்கேர்ந்து வந்தாங்கன்னு கேட்டுத் திருப்பிடுவாங்க. அம்மா பேர மாத்துறதும் சேர்ந்து நின்னுபோகும். அதையும் அடிச்சிடலாமா ஐயா?"

மேசைமேல் பெரிய வாக்குவாதம் எழுந்தது.

"என்னிடம் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை," என்றது குடும்ப அட்டை. "அரிசி வாங்கக்கூட அவள் பேர் வந்ததில்லை."

"என்னிடமும் இல்லை," என்றது ஆதார் அட்டை. "இரண்டு பேர் இல்லை என்கிறோம். ஒருத்தர் மட்டும் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?"

"அவர் வாயால் சொல்லி எழுதினார்கள்!" என்று புத்தகம் கத்தியது. "பதிவேடு எனக்கு எழுத்து மாறாமல் கொடுத்த வரி அது. மனைவி பெயர் பிழை, ஒப்புக்கொள்கிறேன். இது பிழை இல்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது!"

"ஒன்றில் தப்பு செய்தவரை இன்னொன்றில் எப்படி நம்புவது?" என்றது ஆதார் அட்டை.



மெஹருன்னிசா சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். உறுதிப்படுத்திக்கொள்ள, அந்த வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார்: "மகள், தேன்மொழி. பிறப்பு, எழுபத்தஞ்சு நவம்பர் இருபத்தஞ்சு."

குயிலம்மாளின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது. அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். அந்தப் பெயர் தெரியாது.

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். "யாருங்க அது?"

தணிகாசலம் மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"பொண்ணு பொறந்திருக்குன்னு உங்கண்ணன் போட்ட லெட்டர் பத்து நாள்ல எனக்குக் கெடச்சிது. நான் பனிமலையில இருக்கேன். லீவு கிடையாது. கையில எடுத்துப் பாக்க முடியல, பேராச்சும் வெப்போம்னு அன்னிக்கே குமாஸ்தாகிட்ட ஓடினேன். அம்மா பேரு குயிலு. அதான், தேன்மொழின்னு எழுதச் சொன்னேன்."

தணிகாசலம் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"அப்புறம் பனி விழுந்து ரோடு மூடிப்போச்சு. அடுத்த லெட்டர் வந்து சேர ரெண்டு மாசம் ஆச்சு."

குயிலம்மாளுக்கு அந்த அடுத்த கடிதம் தெரியும். அவள் படுத்த இடத்திலிருந்து சொல்லச் சொல்ல அண்ணன் எழுதியது. குழந்தை இருபத்துமூன்று நாள்தான் இருந்தது. முப்பதாம் நாள் பேர் வைப்பதாக இருந்தார்கள். காய்ச்சல் அதுவரை விடவில்லை. பேரில்லாத பிள்ளையாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"லீவுல வந்தப்ப சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"நீ அந்தப் பேச்சையே எடுக்கல. பேர சொன்னா உனக்கு இன்னும் வலிக்கும்னு நெனச்சேன். அப்பறம், எப்படிச் சொல்றதுன்னு தெரியாமலே வருஷம் ஓடிப்போச்சு."

"பட்டாளத்துல தகவல் குடுக்கணுமில்ல ஐயா?" என்று மெஹருன்னிசா தணிந்த குரலில் கேட்டார்.

"குடுக்கணும்மா. மூணு வாட்டி அந்தக் கூடாரம் வரைக்கும் போனேன். சொன்னா அடிச்சிடுவாங்க. இந்த ஒலகத்துல அவ பேரு எழுதியிருக்கிறது அந்த ஒரே எடம். திரும்பி வந்துட்டேன்."

மேசைமேல் புத்தகம் அசையாமல் கிடந்தது. அதற்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் அது கணக்குப் போட்ட வயதெல்லாம், பிள்ளைகளும் பேரப்பிள்ளையும் எல்லாம், ஒருவர் சொல்ல மனம் வராமல் விட்ட ஒரு செய்திக்குள் இருந்திருக்கின்றன.

"எனக்குத் தெரியாது," என்றது புத்தகம், யாரிடம் என்றில்லாமல். "சொன்னால்தானே எனக்குத் தெரியும்."

குடும்ப அட்டை சிரிக்கவில்லை. "பெரியவரே, என்னில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் ஆள் இருக்க வேண்டும்," என்றது. "இருந்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியாது. அவர்களைத் தெரிந்தவர் நம்மில் நீங்கள் ஒருவர்தான்." ஆதார் அட்டை முகம் குப்புறக் கவிழ்ந்துகொள்ள முடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெஹருன்னிசா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"என்ன, வேலை இல்லையா?" என்றது பேனா.

"இல்லை," என்று பக்கத்திலிருந்த நீலப் பேனா சொல்லிக்கொண்டே அவர் கைக்குப் போனது.

"ஐயா, இது தப்பான வரி இல்ல," என்றார் மெஹருன்னிசா. "முடிக்காம விட்ட வரி. பக்கத்துல ஒரு தேதி போட்டா போதும், யாரும் அடிக்க மாட்டாங்க. என்னிக்குன்னு சொல்லுங்க."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். அந்தக் கடிதத்தில் தேதி இல்லை. கேட்க அவருக்குத் தைரியம் வந்ததும் இல்லை.

"மார்கழி மூணு," என்றாள் குயிலம்மாள். "வியாழக்கெழம. விடிஞ்சு, பால்காரர் வந்துட்டுப் போன நேரம்."

மெஹருன்னிசா செல்போனில் அந்த வருடத்துக் காலண்டரைத் தேடினார். "டிசம்பர் பதினெட்டு. வியாழன்தாம்மா," என்றார். "சர்ட்டிபிகேட் எதுவும் இருக்காது, இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. ஒரு போட்டோகூட இல்ல."

"பரவால்லம்மா. உறுதிமொழிப் பத்திரத்துல நீங்க சொல்றதா எழுதுவேன். நீங்க கையெழுத்துப் போடணும்." அவர் எழுதத் தொடங்கினார். ஓரிடத்தில் நிறுத்தி, "தகவல் சொல்றவர் உறவு முறைன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார்.

"அம்மான்னு போடுங்க," என்றாள் குயிலம்மாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தணிகாசலம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெஹருன்னிசா எழுந்து போய், ஜன்னலருகே கோப்பு தேடுகிற மாதிரி வெகு நேரம் நின்றார்.

ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வர ஏழு மாதம் ஆயிற்று. இடையில் இரண்டு தடவை ஏதோ கேட்டு எழுதினார்கள். மெஹருன்னிசா இரண்டு தடவையும் பதில் எழுதினார். பங்குனி வெயிலில் ஒரு நாள் தபால்காரர் கனமான உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே திருத்தத் தாள். கூடவே, பெரிய பதிவேட்டிலும் இது ஏற்றப்பட்டது என்று ஒரு கடிதம்.

தணிகாசலம் பசை தடவி, அந்தத் தாளைப் புத்தகத்தில் ஒட்டினார். புத்தகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. காய்ந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

"மனைவி, குயிலம்மாள்."

"அது என் பேரு, எனக்குத் தெரியாதா? கீழ படிங்க."

"மகள், தேன்மொழி. பிறப்பு, நவம்பர்..."

"தேதியெல்லாம் எனக்குத் தெரியும். பேர மட்டும்."

"தேன்மொழி."

"இன்னொருக்கா."

இந்தத் தடவை அவர் படிக்கவில்லை. கூப்பிட்டார்.