கோலத்துக்குள் நின்ற ராஜா

கொன்றைநாடு என்று ஒரு நாடு. அந்தக் காலத்தில் அதை வாகைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். தன் வெள்ளைக் குதிரைக்குச் சளி என்று ஊரில் மூன்று நாள் மேளச்சத்தமே கூடாது என்று உத்தரவு போட்ட மனுஷர்.

ஒரு மார்கழி விடியலில் அரண்மனை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் தெளிக்கும் காத்தாயி ஒரு சிக்குக்கோலத்தைப் போட்டு முடித்து, அப்போதுதான் இடுப்பை நிமிர்த்தியிருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு இருபத்தோரு வரிசைப் புள்ளிகள். அத்தனையையும் சுற்றிவந்தது ஒரே இழை. ராஜா கண்ணாலேயே அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனார். நான்கு தடவை போனார். நான்கு தடவையும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயி கையில் கொடுத்துவிட்டார்.

அந்த மாலைக்காக இரண்டு வருஷமாக ராஜாவைப் புகழ்ந்து புகழ்ந்து தொண்டை கட்டிப்போனவர் அரண்மனை அதிகாரி நரசப்பர். அவருக்கு வயிறு எரிந்தது.

"இது அழியவே கூடாது" என்றார் ராஜா.

"அழியலாமா அரசே? மிதிக்கிற காலை வாங்கிவிடுவோம்!" என்றார் நரசப்பர்.

கோலத்தை மிதித்தவர் யாரானாலும் கால் போகும் என்று அன்றே முரசறைந்தார்கள்.

அதோடு ராஜாவின் நிம்மதியும் போயிற்று. வாசல் கதவை மூடியாகிவிட்டது. மந்திரிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துச் சுவரில் ஏணி வைத்து ஏறி வந்தார்கள். பனிக்குக் குடை பிடிக்க எட்டுப் பேர், குருவி விரட்ட ஆறு பேர். ராஜாவோ மாடத்தை விட்டு நகரவில்லை. காற்றடித்தால் பதறினார். பக்கத்தில் நின்று தும்மிய காவல்காரனைச் சிறையில் போட்டார். சோறு இறங்கவில்லை. ஆசை பற்றாகும், பற்று பயமாகும், பயம் கோபமாகும் என்று அவர் சபையிலேயே எத்தனை பண்டிதர்கள் பிரசங்கம் செய்திருக்கிறார்கள்! அத்தனை பேருக்கும் தலையாட்டிப் பொன்னாடை போர்த்தியவர்தான். அதுவே தன் வீட்டு வாசலில் நடந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், கிழக்கு ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு பாதை அகலத்துக்குக் கோலத்தை எறும்பு தின்றிருந்தது. ராஜா தேம்பித் தேம்பி அழுதார்.

நரசப்பருக்கு இதுதான் சமயம். "மட்டமான மாவில் போட்டிருக்கிறாள் அரசே. இன்றைக்குள் இதைச் சரிசெய்து, இனி அழியாதபடி வழியும் செய்யட்டும். முடியாவிட்டால் அவளுக்கு அந்தக் கை எதற்கு?"

தூக்கமில்லாத ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

உழைத்துச் சாப்பிடக் காத்தாயிக்கு இருந்தது அந்தக் கைதான். கொஞ்ச நேரம் கோலத்தைப் பார்த்தாள், பிறகு ராஜாவைப் பார்த்தாள்.

"செஞ்சுடறேன் மகாராசா. ஆனா அழியாம இருக்கணும்னா, ஆசப்பட்டவங்கதான் நடுவுல நின்னு காவல் காக்கணும்."

"நானே நிற்கிறேன்!" என்று ராஜா, எறும்பு தின்ற பாதை வழியே உள்ளே நடந்து நடுவில் போய் நின்றார். பெருமையெல்லாம் ராஜாவுக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று நரசப்பரும் பின்னாலேயே ஓடினார்.

காத்தாயியும் உள்ளே போய், அவர்கள் காலடியில் குனிந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, விட்டுப்போன இழையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். கோலம் பழையபடி முழுசாகிவிட்டது. உள்ளே இருந்து பார்க்க அது இன்னும் அதிசயமாக இருந்தது. ராஜா மெய்மறந்து நின்றார்.

வெயில் ஏறியது. கால் கடுத்தது. நாக்கு வறண்டது.

"காத்தாயி, நாங்கள் எப்படி வெளியே வருவது?"

"எப்படி வருவீங்க மகாராசா? சுத்திக் கால் வைக்க எடமில்லியே. மிதிச்சா கால் போயிடும்."

"அது ராஜாவுக்கும் எனக்கும் பொருந்தாது!" என்று கத்தினார் நரசப்பர்.

"யாரானாலும்னுதானே முரசு அடிச்சாங்க ஐயா?"

"சரி, நரசப்பரே, நீர் முதலில் மிதியும்" என்றார் ராஜா. நரசப்பர் இரண்டு கால்களையும் ஒட்டவைத்துக்கொண்டு ராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

காத்தாயி ஒரு செம்பு மோரோடு ஓரத்தில் வந்து நின்றாள். கை எட்டவில்லை. ராஜா மோரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். "ஐந்து நாளாக இது என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது" என்றார்.

"இது மாவு மகாராசா. ஊதினாப் பறந்துடும். இது யாரைக் கட்டும்?"

ராஜா மெல்லக் குனிந்தார். காலடி இழையை லேசாக ஊதினார். மாவு பறந்தது. அவ்வளவுதான். எந்தப் படையும் வளைக்காத தன் அரண்மனை வாசலில், ஒரு பிடி அரிசிமாவுக்குள் நின்றுகொண்டிருக்கிறார். கட்டிய கயிறு அவர் ஆசை. முடிச்சுப் போட்டவரும் அவரே. அன்று கோலத்தைப் பார்த்துச் சிலிர்த்ததைவிட இப்போது அதிகமாகச் சிலிர்த்தது.

"உத்தரவு ரத்து" என்று காலைத் தூக்கி வைத்தார். இழை கலைந்தது. வானம் இடிந்து விழவில்லை. செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். மோர் அமிர்தமாக இருந்தது.

தும்மியவனை விடுவித்தார். காத்தாயியின் கையைக் கேட்ட நரசப்பர், தை பிறக்கும்வரை அவளுக்குச் சாணத் தண்ணீர் வாளி தூக்கினார். காத்தாயிக்குச் சபையில் ஆசனம் கிடைத்தது. ஆனாலும் வாசல் கோலத்தை அவள் யாருக்கும் விடவில்லை.

மாசியில் ஒரு விடியல். ராஜா அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த மார்கழிக் கோலத்தை இன்னொரு தடவை போடுவாயா?"

"எது மகாராசா? தினம் ஒண்ணு போடறேன். எனக்கு ஞாபகமில்லியே."

போட்டவளுக்கே ஞாபகமில்லை! ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை காவல்காரர்களும் பார்க்க, அவளைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

காத்தாயிக்குக் கூச்சமாகிவிட்டது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகாராசா" என்றாள். "புள்ளி வைக்கணும்."