மடையானின் முதுகில் ஏறிய சேறு

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசி வழக்காடிய நாளில், மடையானும் கொக்கைப் போலத் தலை முதல் வால் வரை வெள்ளையாகத்தான் இருந்தான். கொக்குக்குக் கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துப் பார்த்தே மடையானுக்கு வயிறு எரிந்தது. கொக்கு நடந்தால் குற்றம், நின்றால் குற்றம், மீனை விழுங்கினால் பெரிய குற்றம்.

அவர்கள் இருந்த ஏரியில் ஆண்டுக்கொரு முறை மடைக்காவலனைத் தேர்ந்தெடுப்பார்கள். மடையில் நிற்பவனுக்கு மீன் தானாக வந்து விழும். எல்லார் கூடுகளுக்கும் காவல் சுற்றிவரும் உரிமையும் அவனுக்கு உண்டு. ஓட்டுப் போடுகிற பறவைகள் இருபத்தொன்று. போட்டியிடுவோர் முன்னால் ஆளுக்கொரு குழி இருக்கும். பிடித்தவர் குழியில் ஒரு சிப்பியைப் போட வேண்டும். யார் குழியில் அதிகமோ அவருக்கு மடை.

ஓர் ஆண்டுத் தேர்தலில் பருந்துக்கு எட்டு, மடையானுக்கு ஏழு, கொக்குக்கு ஆறு. தண்ணீரில் கூடு கட்டும் முக்குளிப்பான்களுக்குப் பாம்புப் பயம். பாம்பைப் பிடிப்பான் என்று பருந்துக்குப் போட்டார்கள். அவனும் பிடித்தான். ஆனால் மரத்துக் கூடுகளில் இருந்த குஞ்சுகளையும் காவல் சுற்றும்போதே தின்று தீர்த்தான். மடையானின் முதல் ஈட்டுக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"பதிமூன்று பேர் வேண்டாம் என்றவன் மடையில் நிற்கிறானே, இது என்ன கணக்கு?" என்று எண்ணும் வேலையில் இருந்த ஆமையிடம் எல்லாரும் சண்டைக்குப் போனார்கள். மடையானும் போனான். ஆனால் அவன் கோபம் பருந்து மேல் இல்லை. கொக்கு மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஆறும் தனக்கு வந்திருக்கும் என்றே ஆண்டு முழுதும் புழுங்கினான்.

ஆமை யோசித்துப் புது முறை சொன்னது. உங்களுக்குப் பிடித்தவர் குழியில் சிப்பியைப் போடுங்கள். அவருக்கு அடுத்து யார் வேண்டும் என்பதைச் சிப்பிக்குள் அடையாளமாக வையுங்கள். கொக்குக்கு நாணல், பருந்துக்குக் கருவேல முள், மடையானுக்கு அல்லி இதழ். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியாக வந்தவர் குழிச் சிப்பிகளை மட்டும் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்போம். எண்ண நேரமாகும், ஆனால் ஓட்டுப் பிரிந்து வீணாகாது என்றது.

தேர்தலன்று காலையில் மடையானின் பெட்டை கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். முட்டை பொரிந்து மூன்று நாளாகியிருந்தது.

"உங்க சிப்பிக்குள்ள நாணலையே வைங்க. உங்களுக்கு இல்லேன்னா கொக்குக்காவது போகட்டும். குஞ்சு தங்கணும்," என்றாள்.

தலையாட்டிவிட்டுப் போனான். கரையில் கொக்கு நின்று நாரைகளுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கழுத்து இன்னும் நீண்டுவிட்டதுபோல் மடையானுக்குத் தோன்றியது. நாணலைக் கிள்ளப் போன அலகு கூசியது. தன் அலகாலேயே அவன் பெயரை வைப்பதா? போன தடவை தான் இரண்டாவது. கடைசியாக வரப்போவது கொக்குதான். தன் குழிச் சிப்பிகளை ஆமை திறக்கவே போவதில்லை. திறக்காத சிப்பிக்குள் என்ன இருந்தால் என்ன?

முள்ளை ஒடித்து உள்ளே வைத்து மூடினான். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அதோடு விட்டானா? தன் பக்கத்து நீர்க்கோழிகள் இரண்டிடமும் இதே நியாயத்தைச் சொல்லி முள் வைக்கச் செய்தான்.

ஆமை எண்ணியது. பருந்துக்கு எட்டு. கொக்குக்கு ஏழு. மடையானுக்கு ஆறு.

மடையான் தானும் ஒரு முறை எண்ணினான். ஆறுதான். ஆமை அவன் குழிச் சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. நாணல், முள், நாணல், நாணல், முள். கொக்குக்கும் பருந்துக்கும் ஆளுக்குப் பத்து. மிச்சம் இருந்தது ஓரம் உடைந்த ஒரு சிப்பி. அது யாருடையது என்று மடையானுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கொடு என்று கேட்க வாயெடுத்தான். கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று மூடிக்கொண்டான்.

முள்.

பருந்து அன்று சாயங்காலமே காவல் சுற்ற வந்தான். மடையான் கூட்டுக்குப் பறந்து சேர்ந்தபோது பஞ்சுபோல் இரண்டு இறகுகள் மட்டும் கிடந்தன. பெட்டை அழுது முடித்திருந்தாள்.

"போன வருஷம் உங்களுக்குப் போட்டேன். இந்த வருஷம் கொக்குக்குப் போட்டேன். அவன்தான் ஜெயிப்பான், குஞ்சு பிழைக்கும்னு நெனச்சேன்," என்றாள். "உங்க சிப்பிக்குள்ள என்ன வச்சீங்க?"

அவன் கூட்டை விட்டுப் பறந்தான். மடையோரச் சேற்றில் இறங்கி, சிறகுகளை இறுக மடக்கி, முதுகும் தலையும் முங்கும் மட்டும் புரண்டான். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கொக்குதான். அவன் குஞ்சுகளும் போயிருந்தன. ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டுப் போனான்.

அன்று முதல்தான் மடையான் மண் நிறத்தில் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு தனியாக நிற்கிறான். மடக்கிய சிறகுக்குள் சேறு ஏறாததால் பறக்கும்போது மட்டும் அந்தப் பழைய வெள்ளை தெரியும். கூடு கட்டும் காலம் வந்தால், எந்த மரமானாலும் சரி, கொக்கின் கூட்டுக்குப் பக்கத்திலேயே பெட்டை இடம் பிடிக்கிறாள். அவனும் மறுபேச்சில்லாமல் குச்சி கொண்டுவந்து கொடுக்கிறான்.