வாய் நிறையத் தண்ணீர்

கம்ப்யூட்டரில் ஆடும் புதிர் விளையாட்டுகளைச் செய்யும் கலையைப் பர்வீனிடம் கற்றுக்கொள்ளப் பாளையங்கோட்டையில் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஞானப்பிரகாசம். குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு நடத்தியவர். கணக்கு வராத பிள்ளைகள் மேல் இருந்த எரிச்சல் மட்டும் அவரைவிட்டு ஓய்வுபெறவே இல்லை.

அவர் செய்த விளையாட்டில் வண்ணக் கட்டைகளை நகர்த்தி வழி திறக்க வேண்டும். டவுன்லோடு கிடையாது, பிரவுசரைத் திறந்தால் போதும், குடும்பத்தோடு ஆடலாம் என்று பெருமை பேசினார். ஆடிப் பார்த்த ஒருவரும் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. பர்வீன் நான்கு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மேடம், இதுல என்ன குறையக் கண்டீங்க? நீலக் கட்டையை இழுத்தா வழி திறக்கும். அதுகூடத் தெரியாத மரமண்டைகளுக்கு நான் என்ன செய்ய?"

"உங்களுக்கு என்ன வேணும், சார்?"

"இன்னைக்கு இது நம்ம இணையதளத்துல ஏறணும். இல்லைன்னா நாளையிலருந்து நான் வரல."

பர்வீன் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"இதை வாயில வச்சுக்கிடுங்க. ஒருத்தர் விளையாடி எந்திரிக்கிற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. இருந்துட்டீங்கன்னா இன்னைக்கே ஏத்திருதேன்."

இதென்ன பெரிய காரியம் என்று ஞானப்பிரகாசம் வாங்கிக்கொண்டார்.

முதலில் அகப்பட்டவர் பார்சல் கொண்டுவந்த கொரியர்காரர். திரையில் அழகுக்காக வரைந்திருந்த மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் முழுக்க அவர் சட்டையில் தெறித்தது.

"நீலம்யா! நீலத்தை இழுய்யா!"

கொரியர்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அடுத்து, கீழ்வீட்டுப் பல் டாக்டர். ஞானப்பிரகாசம் மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தார். பிறகு மடக்கென்று விழுங்கிவிட்டு, "நீங்க படிச்சவங்கதானம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா எழுந்து போனார்.

பர்வீன் யாருக்கோ போன் செய்தார். அரைமணி நேரத்தில் வந்து நின்றது ஞானப்பிரகாசத்தின் மனைவி ஸ்டெல்லா.

"இவளா?" என்றார் சீடர். குரு டம்ளரை நிரப்பி நீட்டினார்.

ஸ்டெல்லா உட்கார்ந்து ஒரு விரலால் திரையைத் தொட்டார். ஒன்றும் நகரவில்லை. விரலில் ஈரம் இருக்குமோ என்று புடவையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஞானப்பிரகாசம் கன்னம் உப்ப உட்கார்ந்து தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஸ்டெல்லா சிரித்தபடி எழுந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராது மேடம். அவுக சொல்லுதது சரிதான். நான் ஒரு மரமண்டை."

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பேரைக் கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

ஞானப்பிரகாசம் வாயிலிருந்த தண்ணீரை மெல்ல விழுங்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பர்வீன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஜெயிச்சுட்டீங்க சார். ஏத்திரட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"மாத்தணும். அந்த நீலக் கட்டையை எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லிருங்க மேடம்."

"என்னைய ஏன் கேக்கீங்க? பத்து நிமிஷம் பக்கத்துலதான இருந்தீங்க. அவங்க விரல் முதல்ல எங்க போச்சு?"

ஞானப்பிரகாசம் வாயைத் திறந்தார். அந்தப் பத்து நிமிஷமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது நீலக் கட்டையை மட்டும்தான்.